ஹாரன் பாடிய தாலாட்டு

அந்த பஸ் டிப்போவில் நல்ல வாரமாகப் பார்த்து லீவு வேண்டுமென்றால் பாட வேண்டும்.

முன்பெல்லாம் வயதுப்படி லீவு கொடுத்துப் பார்த்தார்கள். இளையவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். குலுக்கிய கையைச் சந்தேகப்பட்டார்கள். சூப்பர்வைசர் தானே முடிவு செய்து பார்த்தார். அந்த மாதம் முழுக்க அவருக்கு மட்டும் ஆறின டீ வந்தது. கடைசியில் ஓய்வறை மூலையில் தூசி படிந்து கிடந்த கரோக்கி மிஷினைக் காட்டி யாரோ ஒரு யோசனை சொன்னார்கள். ஆளுக்கு ஒரு பாட்டு. மிஷின் நூற்றுக்கு எவ்வளவு போடுகிறதோ, அந்த வரிசைப்படி வாரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மிஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது. அன்றிலிருந்து அதுதான் சட்டம்.

ஆபீஸ் பெண்களுக்குத் தனி வரிசை. அவர்கள் எண்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. டிரைவர்களும் மெக்கானிக்குகளும் சேர்ந்த ஆண்கள் வரிசையில்தான் ஐம்பதும் அறுபதுமாகக் கொட்டும்.

அதிலும் கடைசி வரிசைக்காரர், பதினேழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். அவர் ஒரு டீ சொன்னால் ஷெட் கூரையில் இருக்கும் புறாக்கள் பறந்துவிடும் என்பார்கள். அப்பேர்ப்பட்ட குரலை வைத்துக்கொண்டு அவர் வருடா வருடம் எடுத்தது, கதாநாயகன் மலை உச்சியில் நின்று கையை விரித்துப் பாடுகிற பாட்டு. கையை அவரும் நன்றாகத்தான் விரித்தார். குரல் மட்டும் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. முதல் வருடம் ஐம்பத்தொன்று. போன வருடம் ஐம்பத்து நாலு. “முன்னேற்றம்தானே?” என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டார்.

முன்னேறி என்ன பயன்? எல்லோரும் எடுத்தது போக மிச்சமிருந்த வாரம்தான் அவருக்குக் கிடைத்தது. அந்த வாரத்தில் அவருடைய மகள் நடுக்கடலில் இருந்தாள்.

மகளுக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் பிரிவில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கப்பல் பக்கத்துத் துறைமுகத்தில் ஒரு வாரம் நிற்கும். அந்த ஒரு வாரம்தான் அவளுக்கு வீடு. போன தடவை வந்தபோது அப்பாவுக்குத் தினமும் டியூட்டி. அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, பதினேழாம் நம்பரில் ஏறிவிட்டாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம், பிறகு அங்கிருந்து திரும்ப முதல் நிறுத்தம். இருவருக்கும் நடுவில் ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்று ஒரு பலகை. அவள் பேசினாள், அவர் கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு சிக்னலில் பஸ் நின்றபோது, “அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நின்ற லாரிக்காரன் அவசரப்பட்டான். அப்புறம் சொல்கிறேன் என்றவள், சொல்லாமலே கப்பலேறிவிட்டாள்.

அந்தப் பச்சை விளக்கு ஒரு வருடமாக அவருடைய நெஞ்சுக்குள் எரிந்துகொண்டே இருந்தது. போனில் கேட்டால், “நேர்ல சொல்றேம்ப்பா” என்று முடித்துவிடுவாள்.

இந்த வருடம் கப்பல் எந்த வாரம் வருகிறது என்று தெரிந்ததும் அவர் நேராக மனைவியின் கடைக்குப் போய், துணி வெட்டும் மேசை மேல் உட்கார்ந்தார்.

“எனக்கு அந்த வாரம் வேணும். என்ன பாட்டு எடுக்கலாம் சொல்லு.”

மனைவியிடம் கேட்டதில் காரணம் இருந்தது. அவள் நடத்துவது பழைய துணியைப் பிரித்து அளவு மாற்றித் தைக்கும் கடை. கடையின் பின்சுவருக்கு அந்தப்புறம் ஒரு பார்ட்டி ஹால். அங்கேயும் கரோக்கி மிஷின் உண்டு. மதியத்திலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை யாராவது பாடிக்கொண்டே இருப்பார்கள். பாட்டு முடிந்ததும் மிஷின் தன் தீர்ப்பைச் சத்தமாகச் சொல்லும். தொண்ணூறு தாண்டினால் எக்காளம் ஊதும். நடுத்தரம் என்றால் கைதட்டும். அறுபதுக்குக் கீழே போனால் பலூனில் காற்று இறங்கினாற்போல ‘பொய்ங்’ என்று ஒரு சத்தம். முகங்களை அவள் பார்த்ததில்லை. ஆனால் எந்தக் குரல் எந்தப் பாட்டைத் தொட்டால் எக்காளம், எதைத் தொட்டால் பொய்ங் என்பது, பித்தான் தைத்துக்கொண்டே கேட்டதில் அவளுக்கு அத்துப்படி. தான் பாடுவது மட்டும் கிடையாது.

ஆண்களைப் பற்றி அவளுடைய அபிப்பிராயம் இது. கடைக்கு வருகிறவர்கள் சட்டையைத் தங்கள் உடம்புக்கு எடுப்பதில்லை, போஸ்டரில் இருப்பவன் உடம்புக்கு எடுக்கிறார்கள். பிறகு பிரித்துத் தைக்கச் சொல்லி அவளிடம் வருகிறார்கள். பாட்டிலும் அதே கதைதான். உச்சத்தில் பாடுவதற்கென்றே பிறந்த தொண்டைக்காரன் பாடியதை, காலையில் எழுந்து தொண்டையைச் செருமவே பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிற மனுஷன் எடுத்தால் என்ன ஆகும்? பொய்ங்தான் ஆகும்.

“எங்க, கீழ இருந்து மேல மெதுவாப் போங்க பார்ப்போம்” என்றாள்.

அவர் அடிக்குரலில் ஆரம்பித்து ஏறினார். பாதி தூரம் நன்றாகவே போயிற்று. அதற்கு மேல் ஒரு படி ஏறியதும், உடை மாற்றும் திரைக்குப் பின்னாலிருந்து வாடிக்கையாளர் ஒரு பெண் அரைப் பாவாடையோடு எட்டிப் பார்த்து, ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டாள்.

“நிறுத்துங்க. அவ்வளவுதான் துணி. இதுல கோட்டு தைக்க முடியாது.”

“பின்னே?”

“ஏற்றம் இறக்கம் கம்மியா இருக்கணும். நிதானமா போகணும். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரணும். நடுவுல நீங்க மறந்துபோய் முன்னாடியே ஆரம்பிக்கிற மாதிரி இடைவெளி இருக்கக்கூடாது.” ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள். “உங்களுக்குத் தாலாட்டுதான் சரி.”

ஹாரன் மேசையிலிருந்து இறங்கிவிட்டார். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில், கிரீஸ் கையும் காக்கிச் சட்டையுமாக, தொட்டிலை ஆட்டுகிற பாட்டைப் பாடினால் அப்புறம் எந்த முகத்தோடு பஸ் எடுப்பது என்று கேட்டார். எல்லோரும் தன்னை ஆயா என்று கூப்பிடுவார்கள் என்றார். அவள் மறுக்கவில்லை. கூப்பிடுவார்கள்தான். ஐம்பத்து நாலு வாங்கியபோது மட்டும் என்ன மாலையா போட்டார்கள் என்று கேட்டுவிட்டு, தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அவர் தெருவரை போனார். பிறகு திரும்பி வந்து, எந்தத் தாலாட்டு என்று கேட்டார்.

பயிற்சி தினமும் சாயங்காலம் கடையில் நடந்தது. விரல்கவசத்தால் மேசையைத் தட்டி அவள் தாளம் போடுவாள். அவருக்குப் பாட்டு சீக்கிரமே வந்துவிட்டது. வராதது அடக்கம். மூன்றாவது அடியில் குழந்தையின் பெயர் சொல்லிக் கொஞ்சும் இடம் வந்தால், குரலைக் குழைத்து வளைத்து ஒரு சுற்று சுற்றி இறக்குவார்.

“உருகாதீங்க.”

“தாலாட்டுன்னா உருக வேண்டாமா?”

“குழந்தைக்கு உருகலாம். மிஷினுக்கு மனசு கிடையாது. கோடு போட்ட இடத்துல கத்தரி போனா மார்க்கு. வளைஞ்சா போச்சு.”

இப்படி அவர் நேராகப் பாடக் கற்றுக்கொண்டிருந்தபோதுதான் கடைக்கு அடுத்த ஆள் வந்து சேர்ந்தான். அவளுடைய சொந்தத் தம்பி. அதே டிப்போவில் பிரேக் வேலை பார்க்கிறவன். அதனால் பெயரும் பிரேக். பஸ்ஸை நிறுத்தத் தெரிந்தவனுக்கு வாயை நிறுத்தத் தெரியாது என்பது பொதுவான கருத்து.

“அக்கா, எனக்கும் ஒரு பாட்டு பார்த்துக் குடு. நல்ல வாரம் ஒண்ணு மாட்டியிருக்கு.”

எந்த வாரம் என்று கேட்டாள். சொன்னான். கப்பல் வருகிற அதே வாரம். உதிரிபாக ஸ்டோரில் இருக்கும் கிளார்க் பெண்ணின் அப்பா அம்மா அந்த வாரம் வெளியூரிலிருந்து வருகிறார்களாம். ‘வந்து பேசுறதுன்னா அப்ப பேசுங்க’ என்று அவள் வாய் திறந்து சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண் அவனிடம் நட்டு போல்ட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

ஆண்கள் வரிசையில் வாரத்துக்கு ஒருவருக்குத்தான் லீவு. இந்த வருடம் கப்பல் வாரம் பள்ளி விடுமுறையில் விழாததால், மற்றவர்களுக்கு அதன் மேல் கண் இல்லை. ஆக, போட்டி மாமனுக்கும் மச்சானுக்கும் நடுவில் மட்டுமே. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நீ விட்டுக்கொடு, நீங்க விட்டுக்கொடுங்க என்று ஒரு மணி நேரம் மரியாதையாகச் சண்டை போட்டார்கள். பெற்ற மகள் பெரிதா, பார்க்கப் போகிற பெண் பெரிதா என்று அவளைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, பேச முடியாது என்று சைகை காட்டினாள்.

தம்பிக்கும் அளவெடுத்தாள். அவன் குரல் கொஞ்சம் மெல்லியது, நடுவில் நன்றாக நிற்கும். மழையைப் பற்றி ஒரு நடுத்தர வேகப் பாட்டு. ஆண் பெண் சேர்ந்து பாடுவது வேண்டாம், அந்தப் பெண்ணின் பகுதியையும் நீயே பாடிக் கெடுப்பாய் என்றாள். சும்மா இழுத்து வளைக்காதே என்று அவனிடமும் சொன்னாள்.

அவன் போனதும் ஹாரன் கேட்டார். “அவனுக்கு நல்ல பாட்டாவா குடுத்தே?”

“ஆமா.”

“கொஞ்சம் தொளதொளன்னு குடுத்திருக்கலாமே.”

“கடைக்கு வந்தவனுக்குத் தப்பா அளவெடுக்க எனக்கு வராதுங்க. தம்பின்னாலும் சரி, புருஷன்னாலும் சரி.”

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் உப்புக் கேட்கக்கூட வாய் திறக்கவில்லை. எழுந்து போய்த் தானே எடுத்துக்கொண்டார்.

பாட்டு நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஓய்வறையில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். விடியற்காலை வண்டி எடுத்தவர்கள் சாப்பிட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். ஆபீஸ் பெண்கள் தங்கள் நல்ல வாரங்களை முடித்துக்கொண்டு, வேடிக்கை பார்ப்பதற்கென்றே இரண்டாவது பெஞ்சைப் பிடித்திருந்தார்கள். ஸ்டோர் கிளார்க்கும் அதில் இருந்தாள். முன்னால் ஒற்றை நாற்காலியில் சூப்பர்வைசர். மிஷின் திரையில் எண் சில விநாடிதான் நிற்கும். பிறகு அடுத்த பாட்டுக்கான படம் வந்துவிடும். அந்தச் சில விநாடியில் சூப்பர்வைசர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும். அவர் கண்ணால் பார்த்து வாயால் சொன்னதுதான் மார்க்கு. ஒரு தடவை பத்துப் பேர் பத்து எண் சொல்லி அடிதடி வரை போனதிலிருந்து இந்த ஏற்பாடு. மிஷினும் பழசு, யார் பாடினாலும் ஒரே மாதிரிதான் கைதட்டும்.

முதலில் பாடியவர்கள் வழக்கம்போல மலை ஏறினார்கள். வழக்கம்போல உருண்டார்கள். வெல்டர் ஒருவர் சண்டைக்காட்சிக்கு முன்னால் வரும் பாட்டைப் பாடி, மிஷினை முறைத்து, நாற்பத்தெட்டு வாங்கினார்.

பிரேக் எழுந்தான். அக்கா சொன்னது சொன்னபடி பாடினான். கோடு பிசகவில்லை. தொண்ணூறு நிச்சயம் என்று ஹாரனே முடிவு கட்டிவிட்டார். கடைசி அடியில் பயல் இரண்டாவது பெஞ்சைப் பார்த்துவிட்டான். ஸ்டோர் கிளார்க் லேசாகச் சிரித்தாள். அவ்வளவுதான். மழை என்ற சொல்லை இழுத்து, வளைத்து, முடிச்சுப் போட்டு, அவிழ்த்து இறக்கினான். சூப்பர்வைசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “எண்பத்தெட்டு.”

அன்றைய தினத்தில் அதுதான் அதிகம். அறை கைதட்டியது.

கடைசியாக ஹாரன். திரையில் பாட்டின் பெயர் வந்ததும், இங்கே ஒரு கனைப்பு, அங்கே ஒரு கனைப்பு. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் குழந்தை போல வீறிட்டு அழுதான். இன்னொருவன், யாராவது பால் புட்டி கொண்டு வாருங்கள் என்றான். அவருடைய காது சிவந்தது. மைக்கை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு, காலி ரோட்டில் வண்டியைக் கிளப்புகிறவர் மாதிரி, அலட்டாமல் முதல் அடியை எடுத்தார்.

டிப்போவில் யாரும் அந்தக் குரலை அப்படிக் கேட்டதில்லை. அடியில் இருக்கும்போது அது கனமாக, வழவழப்பாக, எண்ணெய் போட்ட இன்ஜின் மாதிரி ஓடியது. இரண்டாவது அடியில் சிரிப்பு நின்றது. மூன்றாவது அடியில், வளைய வேண்டும் என்ற ஆசை வந்தும் அவர் வளையவில்லை. நான்காவது அடியில், விடியற்காலை வண்டி எடுத்தவர்களில் ஒருவர் பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்தார். வெல்டர் வாயைப் பிளந்தார். பால் புட்டி கேட்டவன் சுவரில் தலையை முட்டுக்கொடுத்துக் கண்ணை மூடினான்.

பாட்டு முடிந்தது. மிஷின் கைதட்டியது. திரையில் எண் வந்தது. தொண்ணூற்று மூன்று.

யாரும் அதை உரக்கப் படிக்கவில்லை. எல்லோரும் முன்னால் இருந்த ஒற்றை நாற்காலியைப் பார்த்தார்கள். சூப்பர்வைசரின் தாடை மார்பில் இறங்கியிருந்தது. கைதட்டல் கேட்டு அவர் நிமிர்ந்து, சட்டைப் பையைத் தடவி, மடியைத் தடவி, நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து இறக்கிவிட்டபோது, திரையில் ஒரு நீர்வீழ்ச்சியும் இரண்டு அன்னங்களும் இருந்தன.

“எவ்வளவு?” என்றார்.

ஒரே சமயத்தில் நாலைந்து பேர் தொண்ணூற்று மூன்று என்றார்கள். அவர் கையமர்த்தினார். தான் பார்க்கவில்லை என்றும், பார்க்காததைப் படிக்க முடியாது என்றும், சட்டம் சட்டம்தான் என்றும் சொன்னார். மறுபடியும் பாடட்டும்.

ஹாரனின் முகம் விழுந்துவிட்டது. இரண்டாம் தடவை தன்னால் ஆகாது என்று அவருக்குத் தெரியும். கடையிலேயே அப்படித்தான். முதல் முறை நேர்கோடு. இரண்டாவது முறை பயத்தில் குரல் வளைந்து நெளிந்துவிடும். அந்த அறையில் அவரைத் தவிர இதை அறிந்தவன், கடையில் அந்தப் பயிற்சியைக் கேட்டிருந்த ஒருவன்தான்.

அவன் எழுந்தான். எண்பத்தெட்டு வாங்கியவன் மறுபாட்டுக் கேட்பது நியாயம்தான் என்று எல்லோரும் வழிவிட்டார்கள்.

“சார், ஒரு சந்தேகம்” என்றான் பிரேக். “நீங்க ஏன் பார்க்கல?”

“அது... கண்ணாடி...”

“தூங்கிட்டீங்க சார்.”

“தூங்கல. கண்ணை மூடி ரசிச்சேன்.”

“அவர் பாடினது தாலாட்டு சார். அதைக் கேட்டு டிப்போ சூப்பர்வைசரே டியூட்டில தூங்கியிருக்கார். தாலாட்டுக்கு இதுக்கு மேல மார்க்கு போட எந்த மிஷினால முடியும்? மறுபடி பாடச் சொன்னீங்கன்னா, அடுத்த ஷிஃப்ட் வண்டிங்களை யாரு எடுக்கிறது? பின்னாடி பாருங்க.”

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். பின் பெஞ்சில் குறட்டை ஒன்று ஏறி, திரும்பி, இறங்கிக்கொண்டிருந்தது. டியூட்டியில் தூங்கினால் என்ன தண்டனை என்று அந்தச் சுவரிலேயே அவர் கையெழுத்தோடு ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, உரக்க, “தொண்ணூற்று மூன்று” என்று படித்தார், அன்னங்களைப் பார்த்தபடி.

அறை எழுந்து ஆரவாரித்தது. ஹாரன் மச்சானின் தோளைப் பிடித்து உலுக்கி, நன்றி சொல்ல ஆரம்பித்தார்.

“சும்மா இருங்க மாமா. பொண்ணு வீட்டுக்குப் போட்டுட்டுப் போற சட்டை அக்கா கடையில இருக்கு. உங்களைத் தோற்கடிச்சுட்டு அதை எப்படி வாங்குறது?” என்றவன், இரண்டாவது பெஞ்சைப் பார்க்கத் துணியாமல் நின்றான்.

ஸ்டோர் கிளார்க் எழுந்து அவனைக் கடந்து போகும்போது நின்றாள். அப்பா அம்மா பதினைந்து நாள் இருக்கப்போகிறார்கள் என்றும், முதல் வாரம் என்று சொன்னது, ஆள் எவ்வளவு மெனக்கெடுகிறான் பார்க்கலாம் என்றுதான் என்றும் சொன்னாள். “கடைசியில அந்த இழுப்பு மட்டும் வேண்டாம். எங்க அப்பாவுக்குப் பிடிக்காது” என்று சேர்த்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரத்தைத் தன் பெயரில் எழுதச் சொல்லி அவன் கத்தியது பஸ் நிறுத்தம்வரை கேட்டிருக்கும்.

ஹாரன் வாசல் பக்கம் ஒதுங்கிப் போய் மகளுக்குப் போன் போட்டார். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றிருந்தது, உடனே கிடைத்தாள்.

“வாரம் கிடைச்சிருச்சும்மா. ஏழு நாளும் வீட்டுலதான். எந்தச் சிக்னலும் இல்லாம உட்கார்ந்து கேட்கிறேன். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லு.”

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தத்துக்கு மேல் அவள் குரலை உயர்த்தினாள். சொல்வதற்கு மட்டுமில்லை, ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வரவும் போகிறேன் என்றாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். எப்படி லீவு வாங்கினீர்கள் என்று கேட்டாள். சொன்னார். நம்பவில்லை. அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன் என்றாள். சரி, ரெண்டு வரி பாடுங்க, கேட்போம் என்றாள்.

ஹாரன் திரும்பிப் பார்த்தார். கையில் லீவுத் தாளோடு சூப்பர்வைசர் அவரைத் தேடிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கண்கள் இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

“இப்ப வேண்டாம்மா” என்றார் குரலைத் தாழ்த்தி. “அவர் முதல்ல கையெழுத்துப் போடட்டும்.”